எல்லைப்புறத் தொழில்நுட்பப் புலம் தன் நெடுங்கால இலக்குகளை எழுதுவது எப்படி?

ஒரு பொறியியல் கல்லூரியோ, பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் புலமோ, ஆராய்ச்சி, கல்வி, சமூகம் ஆகிய மூன்றிலும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தான் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை எழுத உட்காரும்போது, எதை முதலில் செய்ய வேண்டும், எதை எழுதாமல் விட வேண்டும் என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில், தமிழ் பேசும் கிராமங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் நான். இத்தகைய ஆவணம் தயாரிக்கும் குழுவில் மூன்று முறை இருந்திருக்கிறேன். முதல் இரண்டும் ஆய்வுக்குழு வந்துபோன மறுநாளே அலமாரிக்குள் போய்விட்டன. மூன்றாவது இன்றும் கையில் புரள்கிறது. அந்த மூன்றாவதை எழுதியபோது நாங்கள் கடைப்பிடித்த முறையையே இங்கு விவரிக்கிறேன்.

முறையின் உயிர் ஒன்றுதான். இலக்கு என்பது பிறர் நம்மிடம் வந்து கேட்கத்தக்க வாக்காக இருக்க வேண்டும். கேட்கும் உரிமை உள்ளவர் யார், அவர் எந்த மொழியில் கேட்பார் என்பதை முடிவு செய்துவிட்டால், மற்றவை ஓரளவு தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நெடுங்காலம் என்றால் எத்தனை ஆண்டு என்பதைக் குழு தன் முதல் கூட்டத்திலேயே கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டு என்று வைப்பதே வழக்கம், கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக், என்.பி.ஏ. போன்ற மதிப்பீடுகளின் சுற்று ஏறத்தாழ அந்த அளவில் வருவதுதான் அதற்குக் காரணம். ஆனால் கல்வியின் பலன் ஐந்து ஆண்டில் கண்ணுக்குத் தெரியாது.

கேரளத்தின் பொறியியல் கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கும் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2014இல் தோன்றியது. அதன் பி.டெக். பாடத்திட்டங்கள் 2015, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தன. ஒரு பாடத்திட்டத்தில் சேரும் முதல் அணி படித்து முடிக்க நான்கு ஆண்டு ஆகும். என்.பி.ஏ. கேட்கும் பி.இ.ஓ. என்னும் கல்வி நோக்கங்களோ, பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டு கழிந்தபின் அந்த மாணவர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. ஆகவே, இன்று நீங்கள் கொண்டுவரும் மாற்றம் சரியா தவறா என்பதற்கான முதல் சான்று எட்டு அல்லது ஒன்பது ஆண்டு கழித்துத்தான் கைக்கு வரும். அதைப் பார்த்துத் திருத்தி, திருத்திய முறையில் இன்னோர் அணி படித்து வெளியேறப் பதின்மூன்று ஆண்டு ஆகிவிடும். பதினைந்து என்ற எண்ணுக்கு நாங்கள் வந்தது இப்படித்தான். உங்கள் கணக்கில் வேறு எண் வந்தால் அதையே எழுதுங்கள். ஆனால் கணக்கையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இன்று குழுவில் இருப்போரில் பலர் அப்போது ஓய்வு பெற்றிருப்பார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஒன்றே விளக்கம்.

எழுதும் முன் ஊரைச் சுற்றி வர வேண்டும்

எங்கள் முதல் ஆவணம் முழுவதும் கருத்தரங்க அறையில் உருவானது. வேறு கல்லூரிகளின் விஷன், மிஷன் வாசகங்களை அச்செடுத்து மேசையில் பரப்பி, அவற்றிலிருந்து சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தோம். அது முடிந்து சில ஆண்டுகளுக்குப்பின், வடகரப்பதியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அந்த அச்சுப்பிரதியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கி, கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்க சார், இந்தப் பொஸ்தகத்துல எங்க கெணறு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, இருக்கும், எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளவே கேட்டார். நாற்பது பக்க ஆவணத்தில் அவர் ஊரின் பெயரும் இல்லை, நீர் என்ற சொல்லும் இல்லை. மூன்றாவது ஆவணத்துக்கான குழு அமைந்தபோது நான் முதலில் சொன்னது இந்தக் கேள்வியைத்தான்.

எனவே, எழுதும் வேலைக்கு முன்னால் ஒரு பருவ விடுமுறையைக் கள வேலைக்கு ஒதுக்குங்கள். ஆசிரியர்கள் இருவர் இருவராகச் செல்லட்டும். ஒருவர் தமிழ் நன்கு பேசுபவராகவும் மற்றவர் மலையாளம் நன்கு பேசுபவராகவும் இருப்பது நல்லது. ஊராட்சி அலுவலகம், காய்கறிச் சந்தை, மோட்டார் காயில் கட்டும் கடை, கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை, அரசுப் பள்ளி ஆகிய ஐந்து வகை இடங்களுக்குப் போனால் போதும். எல்லா இடத்திலும் கேட்க வேண்டியவை மூன்று: எந்த வேலை வருடாவருடம் கடினமாகிக்கொண்டே வருகிறது? அதற்கு யாரிடம் போகிறீர்கள்? அவர்களால் முடியாமல் போவது எது? விடைகளைச் சொன்னவரின் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 'போர் வத்திப்போச்சு' என்று ஒருவர் சொன்னால், அதை 'நிலத்தடி நீர் மேலாண்மைச் சிக்கல்' என்று அந்த இடத்திலேயே மாற்றி எழுதிவிடக்கூடாது. சுருக்கிப் பெயர் வைக்கும் வேலை பிறகு வரும்.

எங்கள் வட்டத்தில் எந்த ஊரில் கேட்டாலும் பேச்சு தண்ணீரில் வந்து நின்றது. தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டின் மேற்குப் பகுதியில் கொட்டித் தீர்க்கும் மாதங்களில், கிழக்கே இருக்கும் வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகள் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கான 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் வந்து சேர வேண்டும். சித்தூர்ப் புழை என்னும் ஆற்றின் வயல்கள் அதை நம்பியே நடவு செய்கின்றன. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களுக்கு ஆழ்குழாய்க் கிணறுதான் கதி.

இவற்றோடு பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையையும் நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே ஒரு குளிர்பான ஆலையால் கிணற்று நீர் கெட்டது என்று கூறி, மயிலம்மா உள்ளிட்ட பழங்குடிப் பெண்கள் 2002இல் போராட்டத்தைத் தொடங்கினர். 2004இல் ஆலை மூடப்பட்டது. இடையே 2003இல், ஆலையிலிருந்து வயல்களுக்கு உரமென்று கொடுக்கப்பட்ட கழிவுச் சேற்றை பிபிசி வானொலி இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதிக்கச் செய்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை வெளிக்கொணர்ந்தது. நம் ஊர்ச் சேறு சோதனைக்காகக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது என்பது, இந்த வட்டாரத்தில் தொழில்நுட்பம் கற்பிக்கிற எனக்கு இன்றும் வலிக்கும் செய்தி. ஒரு புலம் தன் இலக்குகளை எழுதும்போது, 'இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் ஊர்மக்கள் முதலில் நம்மிடம் வருவார்களா?' என்ற கேள்வியை எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சி இலக்கு

சிறிய புலம் செய்யும் பெரிய பிழை, பெரிய நிறுவனம் செய்வதைச் சிறிய அளவில் செய்ய நினைப்பதே. நமக்குப் பக்கத்திலேயே ஐ.ஐ.டி. பாலக்காடு இருக்கிறது. ஐ.ஐ.டி. சென்னையின் வழிகாட்டலில் 2015இல் கோழிப்பாறையில் தற்காலிக வளாகத்தில் தொடங்கி, இப்போது கஞ்சிக்கோட்டில் இயங்குகிறது. வாளையாற்றைத் தாண்டினால் கோயம்புத்தூரில் பெரிய பொறியியல் கல்லூரிகளும், 1971 முதல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவர்களிடம் உள்ள விலையுயர்ந்த கருவிகளை நாமும் வாங்கிப் போட்டியிடுவது பணத்துக்கும் கேடு, காலத்துக்கும் கேடு. அவற்றைக் கட்டணம் கட்டியோ ஒப்பந்தம் செய்தோ பயன்படுத்தும் வழியைத் தேடலாம்.

நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது எது என்று பார்த்தால், அது அண்மையும் தொடர்ச்சியும்தான். எங்கள் மாணவர்களில் பலர் இந்தக் கிணறுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அறுபது கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் இருமுறை பதினைந்து ஆண்டு இடைவிடாமல் அளந்து வைத்திருக்கும் கல்லூரியிடம், எத்தனை கோடி கொடுத்தும் பின்னோக்கி வாங்க முடியாத ஒரு சொத்து இருக்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது; ஒரு மழை பெய்து எத்தனை நாளில் எந்தக் கிணறு ஊறியது என்பதை அறிய அந்த இடைவெளி போதாது. அந்த இடத்தை நிரப்பும் வேலை நம்முடையது.

இந்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓர் இலக்கு எந்த அளவு நுணுக்கத்தோடு எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதுவே மாதிரி. கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் அழியாத சிவப்புக் குறி இட வேண்டும். எந்நாளும் அந்தக் குறியிலிருந்துதான் அளக்க வேண்டும். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். மோட்டார் ஓடி நின்ற கையோடு அளந்தால் வரும் எண் நீர்மட்டத்தைக் காட்டாது, இறைப்பைத்தான் காட்டும். நீரைத் தொட்டதும் ஒலியெழுப்பும் நாடா போதுமானது. மோட்டார் இறக்கிய குழாய்க் கிணறுகளில் நாடா விட இடைவெளி இருக்காது. ஆகையால் கைவிடப்பட்ட குழாய்க் கிணறுகளையும் திறந்த கிணறுகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உரிமையாளர் எழுதித் தந்த சம்மதம் கோப்பில் இருக்க வேண்டும். அளந்த எண்ணை அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். கடைசியாகச் சொன்னது மரியாதைக்காக மட்டும் இல்லை. 'போன தடவை முப்பத்தெட்டு அடின்னீங்க, இப்ப நாப்பத்தொண்ணுங்கிறீங்களே' என்று அவர் கேட்டால் பிழையும் பிடிபடும்.

முதல் முறை இதை நாங்கள் தொடங்கியபோது, ஆர்வமுள்ள இளைய ஆசிரியர் ஒருவரை நம்பியே எல்லாம் நடந்தது. அவர் வேறு வேலை கிடைத்துப் போனதும் பதிவேடு நின்றது. இரண்டு ஆண்டுகள் வெற்றாகக் கிடந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றுதான் 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வந்த ஆண்டு. அவ்வளவு மழை எங்கள் கிணறுகளில் எவ்வளவு தங்கியது என்பதற்கு எங்களிடம் ஓர் எண்கூட இல்லை. அதன்பின் எழுதிய ஆவணத்தில், பொறுப்பு என்ற இடத்தில் ஆளின் பெயரை எழுதவில்லை; சிவில் துறைத் தலைவர் பதவியில் யார் இருந்தாலும் பதிவேடு அவரது பொறுப்பு, பொறுப்பு மாறும் நாளில் பதிவேட்டில் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினோம். துறைச் சாவிக்கொத்தோடு பதிவேடும் கைமாறுகிறது.

புதிய கருவி செய்யும் ஆராய்ச்சிக்கு இலக்கு எழுதும்போது, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா உருவாக்கிய டி.ஆர்.எல். என்னும் ஒன்பது படி ஏணி பயன்படும். முதல் படி அடிப்படைக் கருத்து; ஒன்பதாம் படி உண்மையான சூழலில் வெற்றியாக இயங்கும் கருவி. 'மலிவான நீர்மட்ட உணரியை உருவாக்குவோம்' என்று மட்டும் எழுதினால், ஆய்வக மேசையில் ஒரு முறை ஓடியதையே வெற்றி என்று எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. 'வெயிலிலும் மழையிலும் ஓராண்டு கிணற்றடியில் நின்று இயங்கும் ஏழாம் படி வரை கொண்டுசெல்வோம்' என்று எழுதினால் யாரும் வந்து பார்த்துச் சொல்லலாம். கஞ்சிக்கோட்டில் 1990களிலேயே மின்வாரியம் காற்றாலைகளை நிறுவிய அளவுக்குப் பாலக்காட்டுக் கணவாயில் காற்று வீசுகிறது. உங்கள் புலத்தில் மின்னியல் ஆசிரியர்கள் வலுவாக இருந்தால் அந்தத் துறையில் ஓர் இலக்கு வைக்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டுக்கு இரண்டு ஆராய்ச்சி இலக்குகள் போதும். ஆறு வைத்தால் ஆறும் நடக்காது.

கட்டுரை எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். என்.ஐ.ஆர்.எஃப். என்னும் ஒன்றிய அரசின் உயர்கல்வித் தரவரிசையில் பொறியியலுக்கு ஆராய்ச்சிக்கு நூற்றுக்கு முப்பது பங்கு உண்டு என்பதால், நிர்வாகம் 'ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு கட்டுரை' என்று எழுதச் சொல்லும். அதை ஆண்டுத் திட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். நெடுங்கால இலக்கில் வேண்டாம். தொடர்ச்சியான அளவைப் பதிவு நம் கையில் இருந்தால் கட்டுரைகள் அதிலிருந்து வரும், கட்டுரைகளிலிருந்து பதிவு வராது.

கல்வி இலக்கு

எல்லைப்புறக் கல்லூரியின் கல்வி இலக்கு மொழியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது பாலக்காடு கேரளத்துக்குச் சென்றது. சித்தூர் அதற்கும் முன்பே கொச்சி அரசின் பகுதியாக இருந்தது. ஆட்சி எதுவாக இருந்தாலும் இந்தக் கிராமங்களின் வீட்டுமொழி தமிழாகவே இருந்து வந்திருக்கிறது. தமிழ்வழிப் பள்ளியில் படித்து, அக்கம்பக்கத்தில் மலையாளம் பேசி, பொறியியலை ஆங்கிலத்தில் கற்க வரும் மாணவரின் நிலையை எந்தப் பாடத்திட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மின்பொறிகள் ஆய்வகத்தில் நடந்த வாய்மொழித் தேர்வு ஒன்றை மறக்க முடியவில்லை. மூன்று முனை மோட்டாரில் ஒரு முனை அறுந்தால் என்ன ஆகும் என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மாணவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் தந்தை வேலந்தாவளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். தேர்வாளரிடம் அனுமதி கேட்டு, "தமிழிலேயே சொல்லு தம்பி" என்றேன். "ஸ்டார்ல கட்டுன மோட்டார்னா ரெண்டு பேஸ் காயில் கருகியிருக்கும் சார், ஒண்ணு புதுசாட்டமே இருக்கும். டெல்டான்னா ஒண்ணுதான் கருகும், ரெண்டு நல்லா இருக்கும். பிரிச்சுப் பார்த்தவொடனே எப்படிக் கட்டுனதுன்னு எங்கப்பா சொல்லிருவாருங்க" என்றான். முழுக்கச் சரியான விடை. தேர்வாளர் மேலும் இரண்டு கேள்வி கேட்டு, அவனுக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுச் சென்றார். அன்று தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியர் உடனிருந்த தயவால் அவன் தேறினான். அடுத்த மாணவனுக்கு அந்த வாய்ப்பு தற்செயலாகக் கிடைக்க வேண்டிய நிலை இருக்கக்கூடாது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது, தொழில்நுட்பக் கல்விக்கான ஒன்றிய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2021இல் இந்திய மொழிகள் பலவற்றில் பொறியியல் கற்பிக்க இசைவு தந்தது. நம்மைப் போன்ற இணைவுக் கல்லூரி தனியாகத் தமிழ்வழி வகுப்பு தொடங்க இயலாது என்றாலும், செய்யக்கூடியவை பல. முதலாண்டுப் பாடங்கள் ஒவ்வொன்றுக்கும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் கலைச்சொல் பட்டியல் தயாரிக்கலாம். அதில் புத்தகச் சொல்லோடு பட்டறைச் சொல்லையும் சேர்க்க வேண்டும். உள்மதிப்பீட்டு வாய்மொழித் தேர்வில் வீட்டுமொழியில் விளக்கி, பின் அதே விடையை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கலாம். ஆங்கிலத்தைத் தவிர்ப்பது நோக்கமன்று. புரிந்த பொருளுக்கு ஆங்கிலச் சொல் ஏற்றுவது, புரியாத சொல்லை மனப்பாடம் செய்வதைவிட எளிது என்பதே இதன் அடிப்படை.

இதன் அளவுகோல் மிக எளியது. முதலாண்டு முடிவில் அரியர் வைத்திருக்கும் மாணவர்களைப் பள்ளியில் படித்த மொழிவாரியாகப் பிரித்து எண்ணுங்கள். தமிழ்வழி, மலையாளவழி, ஆங்கிலவழி மாணவர்களின் தேர்ச்சிக்கு இடையே இன்று இருக்கும் இடைவெளியை எழுதிவையுங்கள். எட்டு ஆண்டில் அது பாதியாக வேண்டும், பதினைந்தில் இல்லாமல் போக வேண்டும் என்பதே இலக்கு. இந்தக் கணக்கை எடுக்கச் செலவே கிடையாது. சேர்க்கை விண்ணப்பத்தில் எல்லா விவரமும் ஏற்கெனவே இருக்கிறது.

பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் வகுக்கிறது, நம் கையில் என்ன இருக்கிறது என்று குழுவில் ஒருவராவது கேட்பார். ஆய்வகப் பயிற்சிகளும் புராஜெக்ட்டும் கள வேலையும் நம் கையில் இருக்கின்றன. பாய்ம இயக்கவியல் ஆய்வகத்தில் நீரோட்டம் அளக்கக் கற்ற மாணவர்களை மூலத்தறை வாய்க்கால் கரைக்கு அழைத்துச் செல்லலாம். நேராக ஓடும் பகுதியில் பத்து மீட்டர் நாடா பிடித்து, ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு நேரம் எடுத்து, அகலத்தையும் சராசரி ஆழத்தையும் பெருக்கி, மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கித் திருத்தி, இரண்டு விடைகளையும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். அந்த எண் மாணவருக்கு ஆய்வகப் பயிற்சி. நீர்மட்டப் பதிவேட்டுக்கு ஒரு வரி. கடைமடை விவசாயிக்குச் செய்தி. மூன்று இலக்குகளும் இப்படி ஒரே வேலையில் சந்திக்கும்படி அமைத்தால்தான் ஆசிரியரின் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவை அடங்கும். தனித்தனியாக மூன்று அட்டவணை போட்டால் முதலில் விடுபடுவது சமூகம்; அடுத்து ஆராய்ச்சி.

சமூக இலக்கு

ஒருநாள் முகாம், மரக்கன்று நடுதல், விழிப்புணர்வுப் பேரணி ஆகியவை நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஆண்டுத் திட்டத்தில் இருக்கட்டும். நெடுங்கால இலக்கில் எழுத வேண்டியது, ஊர் முடிவெடுக்கும் இடத்தில் புலம் நிரந்தரமாக எந்த இருக்கையில் அமரும் என்பது.

கேரளத்தில் அதற்கான இருக்கை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியாக, ஒவ்வோர் ஊராட்சியும் கிராமசபை, பணிக்குழு, வளர்ச்சிக் கருத்தரங்கு என்ற படிகளில் தன் திட்டத்தைத் தானே தீட்டுகிறது. பணிக்குழுவில் துறையறிந்தவர்களுக்கு இடமுண்டு. ஊராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்து, நீர்வளப் பணிக்குழுவில் உங்கள் புலத்தின் ஆசிரியர் ஒருவரைச் சேர்க்கும்படி கேளுங்கள். ஒன்றிய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்லூரி கிராமங்களைத் தத்தெடுத்திருந்தால், அந்தக் கிராமங்களையும் இதே ஊராட்சிகளில் அமைத்துக்கொள்ளலாம். எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். நீர்மட்ட அறிக்கையைப் படிக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தண்ணீர் இரண்டு மாநிலங்களுக்கும் பொதுவான, சில வேளைகளில் சூடாகப் பேசப்படும் பொருள். புலத்தின் வேலை அளந்து சொல்வது. ஒப்பந்த நீர் போதுமா, யார் பக்கம் நியாயம் என்ற வாதத்தில் கல்லூரியின் பெயரில் யாரும் இறங்கக்கூடாது என்பதை ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். அளவைகளை இரு பக்கத்தாருக்கும் ஒரே நாளில், ஒரே வடிவில் கொடுக்க வேண்டும். நம்பிக்கை ஒரு முறை போனால், கிணற்றின் உரிமையாளர் அடுத்த முறை வாசற்கதவைத் திறக்க மாட்டார்.

வாக்கியத்தை எழுதும் முறை

பொருள் கிடைத்துவிட்டால் வாக்கியம் எழுதுவதற்கு ஒரு நாள் போதும். ஒவ்வோர் இலக்கையும் முதலில் தமிழிலோ மலையாளத்திலோ எழுதி, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தபோதுதான் ஏமாந்தோம். 'எக்ஸலன்ஸ்', 'குளோபல்', 'ஹோலிஸ்டிக்' போன்ற சொற்களை ஆங்கிலத்தில் கேட்கும்போது எதையோ சொல்வதுபோல் இருக்கும். அதையே கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காய் விற்பவரிடம் அவர் மொழியில் சொல்லிப் பாருங்கள், சொல்ல ஒன்றும் இராது. வீட்டுமொழியில் சொல்ல முடியாத இலக்கை ஆவணத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதை எங்கள் குழு விதியாகவே வைத்துக்கொண்டது. முதல் வரைவில் இருந்த பதினேழில் ஐந்துதான் மிஞ்சின.

மிஞ்சியவற்றில் ஒன்று இவ்வாறு அமைந்தது: "சித்தூர் வட்டத்தின் நான்கு ஊராட்சிகளில் அறுபது கிணறுகளின் நீர்மட்டத்தைப் பதினைந்து ஆண்டு, மாதம் இருமுறை, இடைவிடாமல் அளப்போம், ஒவ்வோர் ஆண்டும் வளர்ச்சிக் கருத்தரங்குக்கு முன் அந்த அளவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் ஊராட்சிக்குக் கொடுப்போம், எந்தக் கிணறு எந்த மழையில் எத்தனை நாளில் ஊறுகிறது என்பதைப் பத்தாம் ஆண்டு முதல் சொல்லக்கூடியவர்களாக இருப்போம், இதற்குச் சிவில் துறைத் தலைவர் பொறுப்பு, செலவு துறையின் ஆய்வக நிதியிலிருந்து." அழகான வாக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார், என்ன, எவ்வளவு, எப்போது, எந்தப் பணத்தில் என்ற ஐந்து கேள்விக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆறாவதாக ஒன்றையும் எழுத வேண்டும். அதற்குத்தான் கூட்டத்தில் அதிக நேரம் பிடித்தது. இந்த இலக்குக்காக எதைக் கைவிடுகிறோம் என்பதே அது. ஆசிரியரின் நேரம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஆண்டுதோறும் நடத்திவந்த ஒரு தேசியக் கருத்தரங்கை இரண்டு ஆண்டுக்கொருமுறை என்று குறைத்து, அந்தப் பணத்தில் நாடாக்களும் மாணவர்களின் பேருந்துச் செலவும் என்று ஒதுக்கினோம். கைவிடுவதை எழுதாத ஆவணத்தில், சேர்த்துக்கொண்டவை எல்லாம் இரண்டாம் ஆண்டே மெல்ல நழுவிவிடுகின்றன.

ஆண்டுதோறும் படிப்பது

மறு ஆய்வுக்கு ஒரு நிலையான நாள் வையுங்கள். நாங்கள் பருவமழைக்கு முந்தைய மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையை வைத்திருக்கிறோம். தேர்வு வேலை ஓய்ந்திருக்கும், கிணறுகள் மிகத் தாழ்ந்திருக்கும். அன்று ஐந்து இலக்குகளையும் உரக்கப் படித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்த ஆண்டின் எண்ணை எழுதுகிறோம். எண் இல்லாவிட்டால் 'எண் இல்லை' என்று எழுதுகிறோம்; காரணத்தை அடுத்த வரியில் எழுதுகிறோம். கிணறு கொடுத்தவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், பழைய மாணவர்கள் எனச் சிலர் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் அவர்களின் சொற்களிலேயே குறிப்பேட்டில் பதியப்படும். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் மாறும் ஆண்டில் மட்டும் இலக்கின் வாசகத்தைத் திருத்தலாம். மற்ற ஆண்டுகளில் திருத்தக் கூடாது. ஆண்டுக்கு ஆண்டு இலக்கைத் திருத்திக்கொண்டே போனால், எட்டாததை எட்டியதுபோலக் காட்டிவிடும் ஆசை யாருக்கும் வரும்.

ஆவணத்தின் மூன்று பிரதிகளை மூன்று இடங்களில் வையுங்கள்: ஒன்று முதல்வர் அறையில், ஒன்று நீர்மட்டப் பதிவேட்டோடு சிவில் துறையில், ஒன்று ஊர் வாசகசாலையில் தமிழிலும் மலையாளத்திலும். வாசகசாலைப் பிரதி எளிதில் கிழியாத தாளில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். எங்கள் வடகரப்பதிப் பெரியவரின் கிணறு அதில் பதினான்காம் எண். கடந்த மே மாத அளவு அதன் எதிரில் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது.